கீரை ஆயும் நேரம்



வேலை முடிந்து வரும் வழியில் இரண்டு கட்டுக் கீரை வாங்கிவிடுவது என் வழக்கம். ஒன்று சிறுகீரை, இன்னொன்று அன்றைக்கு எது தளதளவென்று இருக்கிறதோ அது. ராத்திரியில் கீரை ஆகாது என்று சொல்லியே என்னை வளர்த்தார் அம்மா. அதனால் அது மறுநாள் மதியத்துக்கு. சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்துக் கட்டைப் பிரித்தால், வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பழுத்த இலை ஒரு பக்கம், முற்றிய தண்டு ஒரு பக்கம் ஒதுங்கும். பள்ளிக்கூடத்துக் கதை, அலுவலகத்துக் கதை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கால் மணி நேரத்தில் இரண்டு கட்டும் முடிந்துவிடும்.

சத்தாகச் சமைக்க ஆசைதான், நேரம்தான் இல்லை என்று நமக்கு எழுதும் சகோதரிகளை நினைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். கீரை வேகப் பத்து நிமிடம் போதும். ஆய்வதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. அந்த வேலை ஒருத்தியின் கைக்கே விடப்படும் வீட்டில், வாரத்தில் நான்கு நாள் கீரை எப்படி வரும்? அவள் களைத்துப்போய் உருளைக்கிழங்கை எடுத்தால் குற்றம் அவளுடையதல்ல.

ஆய்ந்ததைக் கழுவாமல் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் காலை வரை வாடாது. கழுவும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிறுகீரை வேரோடு பிடுங்கி வருவதால் மண் அதிகம். அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரைச் சாய்த்து வடித்தால், அடியில் படிந்த மண் மறுபடியும் கீரையிலேயே ஏறும். கழுவிய பிறகே நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும்.

ஒரு கை பாசிப்பருப்பை முதலில் வேகவிடுங்கள். ஊறவைக்கத் தேவையில்லை, இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். அதில் நாலு பல் பூண்டு, சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், பிறகு கீரை. மூடி போடாதீர்கள். வேகும் கீரையிலிருந்து கிளம்பும் புளிப்பு ஆவியோடு வெளியேறினால்தான் பச்சை நிறம் நிற்கும். உப்பு கடைசியில். சட்டி நிறைய இருந்தது இரண்டு கரண்டியாகச் சுருங்கும். முன்பே அளவு பார்த்துப் போட்டால் கரிக்கும். மத்தால் கடைந்து, கடுகும் வரமிளகாயும் தாளித்தால் முடிந்தது. சோற்றில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் நிறைய இருப்பதால், இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது புரதம் நிறைவாகிறது.

கீரையில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் செடி தரும் இரும்பை நம் உடல் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் வீணாகும். ஒரு துண்டு நெல்லிக்காயைத் தொட்டுக்கொண்டாலும் சரிதான். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ வேண்டாம், அது இரும்பு சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும். ரத்தசோகையோடு எத்தனையோ பெண்களும் குழந்தைகளும் இருக்கும் நம் ஊரில், இந்தச் சின்ன விஷயத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

வீடு வீடாகப் போன ஒரு சமையல் புத்தகம் நினைவுக்கு வருகிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' புத்தகத்தைக் கொண்டுவந்தார். புதிதாகக் குடித்தனம் போகும் பெண்களின் பெட்டியில் அது தவறாமல் இடம்பிடித்தது. வேலைக்கு வெளியூர் போகும் பையன்களின் பெட்டியிலும் இனி ஒன்று இருக்கட்டும். பத்து வயதில் கீரை ஆயத் தெரிந்த பையனுக்கு அதில் பாதி முன்பே தெரிந்திருக்கும்.

இந்த இதழில் கீரைக்கென்று ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். வேரோடு பிடுங்காமல் அறுத்து அறுத்து எடுப்பதால் அரைக்கீரைக்கு அறுகீரை என்றும் ஒரு பெயர் உண்டு. உங்கள் ஊரில் அதை எப்படி அழைக்கிறீர்கள், பருப்பு சேர்ப்பீர்களா, புளி விட்டுக் கடைவீர்களா? எழுதுங்கள். உங்கள் வீட்டில் யார் யார் உட்கார்ந்து ஆய்ந்தீர்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்