வன்தட்டு வாங்கும்போது ஜிகாபைட்டை எண்ணாதீர்!



மடிக்கணினியின் வன்தட்டு பழுதடைந்துவிட்டால் நம் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் என்ன செய்கின்றனர்? லாபுவிலிருந்தும் ரந்தாவிலிருந்தும் பகாவிலிருந்தும் பட்டணத்துக் கடைக்கு வருகின்றனர். "500 ஜிபி வேண்டுமா, 1 டிபி வேண்டுமா?" என்று கடைக்காரர் கேட்கிறார். நம்மவர் விலையைப் பார்க்கிறார், எண்ணைப் பார்க்கிறார். குறைந்த விலைக்குப் பெரிய எண் கிடைக்கிறதே என்று மகிழ்ந்து, செத்துப்போன சுழல்தட்டுக்குப் பதிலாக மற்றொரு சுழல்தட்டையே பொருத்திக்கொண்டு திரும்புகிறார்.

இதனைச் சிக்கனம் என்கின்றனர். வீண்செலவு என்பேன் நான். மடிக்கணினிக்குள் இனியும் சுழலும் வன்தட்டைப் பொருத்தக் கூடாது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டையே பொருத்த வேண்டும். கொள்ளளவு கால்பங்காக இருந்தாலும் சரியே.

உள்ளே இருப்பது என்ன?

ஒரு தமிழாசிரியரின் மடிக்கணினியில் பாடத்துணைப் பொருள்களும் தேர்வுத்தாள்களும் மட்டுமா இருக்கின்றன? பள்ளி விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா, பிரியாவிடை நிகழ்வு ஆகியவற்றின் படங்கள் அங்கேதான் கிடக்கின்றன. பால்மரங்கள் செம்பனையாக மாறின, லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். பல தோட்டங்களுக்கு எஞ்சியிருக்கும் முகம் அந்தப் படங்களே. அவற்றுக்கு வேறு படி இல்லை. ஆகவே, எந்த வட்டை வாங்குவது என்பது பணக்கணக்கு மட்டும் அன்று.

சுழல்தட்டின் குறை

சாதாரண மடிக்கணினி வன்தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல்கிறது. அதன் படிப்புமுனை தட்டுக்கு மேலே நானோமீட்டர் கணக்கிலான இடைவெளியில் மிதக்கிறது. மூடியை மூடியதும் கணினி உறங்கிவிட்டது என்று நம்பி, உறங்காத கணினியைப் பையிலிட்டு, தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுசெல்வோர் நம்மிடையே எத்தனை பேர்! ஒவ்வொரு குழியும் அந்த முனைக்கு ஓர் அடி. திண்மநிலை வட்டில் சுழலும் உறுப்பே இல்லை.

வேகத்தையும் பாருங்கள். 5400 சுழற்சி என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் சிதறிக் கிடக்கும் கோப்புகளை வினாடிக்கு நூறு முறைகூட எட்டிப் பிடிக்க இயலாது. திண்மநிலை வட்டோ ஆயிரக்கணக்கான முறை எட்டும். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் கணினி விழிப்பதற்குக் காத்திருக்கும் ஆசிரியரே, அந்தப் பத்து நிமிடம் யாருடைய நேரம்? மாணவனுடைய நேரம் அன்றோ?

இன்னொரு செய்தியும் உண்டு. 1 டிபி, 2 டிபி அளவுள்ள மெல்லிய மடிக்கணினி வன்தட்டுகளில் பல, கூரையில் ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடம் ஏறி நிற்குமாறு எழுதப்படுகின்றன. நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அடுத்தடுத்த ஓடுகளையும் பெயர்க்க வேண்டும் அல்லவா? அதுபோலவே இத்தட்டுகளில் திருத்தி எழுதும் வேலை மிகவும் தாமதமாகும். சில தட்டுகளில் இம்முறை கையாளப்படுவதை உற்பத்தியாளர்கள் வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை என்னும் செய்தி 2020 ஏப்ரலில் அம்பலமானது. அதன் பிறகே பட்டியலை வெளியிட்டனர். பெரிய எண்ணுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

செய்தவர்களே விட்டுவிட்டனர்

பெட்டாலிங் ஜெயாவில் நெடுங்காலம் வன்தட்டு உற்பத்தி செய்த வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், அவ்வாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக 2018 சூலையில் அறிவித்தது. கணினிகளுக்கான வன்தட்டுத் தேவை குறைந்துவருவதே காரணம் என்றது. அதே வேளையில் பினாங்கில் திண்மநிலை வட்டு ஆலையை விரிவாக்கியது. நம் நாட்டு ஆலையே கதவடைத்த பிறகும் அதே வகைத் தட்டை மடிக்கணினிக்குள் திணிப்போம் என்று நாம் அடம்பிடிப்பது நியாயமா?

மறுப்புகளும் மறுமொழிகளும்

"கொள்ளளவு போதாதே!" உங்கள் பழைய தட்டில் உண்மையில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்ததுண்டா? திரைப்படங்களையும் இரட்டிப்புக் கோப்புகளையும் நீக்கிய பின் அளந்து பாருங்கள். பெரும்பாலோர்க்கு 240 அல்லது 480 ஜிகாபைட் தாராளம்.

"எழுதி எழுதித் தேய்ந்துவிடுமாமே!" தேயும். ஆனால் கணக்குப் போடுங்கள். கிங்ஸ்டன் ஏ400 வகையின் 240 ஜிகாபைட் வட்டுக்கு 80 டெராபைட் எழுதும் தாங்குதிறனை உற்பத்தியாளர் குறித்துள்ளார். நாளொன்றுக்கு 10 ஜிகாபைட் எழுதினாலும் ஏறத்தாழ 22 ஆண்டு. நீங்கள் பணி ஓய்வு பெற்றுவிடுவீர்கள்!

"முன்னறிவிப்பின்றிச் செத்துவிடுமே!" உண்மைதான். சுழல்தட்டும் அவ்வாறு சாவதுண்டு. அதற்கு மருந்து காப்பு நகல் ஒன்றே.

"எல்லாம் மேகத்தில் இருக்கிறதே!" 1பெஸ்தாரிநெட் திட்டத்தில் ஃபிராக் வி.எல்.இ. தளத்தில் பாடங்களைக் கட்டியெழுப்பிய ஆசிரியர்களைக் கேளுங்கள். 2019 சூலை முதல் அத்தளத்திற்குப் பதிலாகக் கூகள் வகுப்பறை வந்தது. 2020இல் டெலிமா வந்தது. மேகம் நகரும் இயல்புடையது. பயன்படுத்துங்கள், அதனையே நம்பியிராதீர்கள்.

"புதிய மடிக்கணினியே வாங்கலாமே!" வசதியுள்ளோர் வாங்கட்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்கா. ஆனால் அத்தகைய கணினியிலும் திண்மநிலை வட்டைப் பொருத்தி லினக்ஸ் நிறுவினால் தமிழில் தட்டச்சு செய்யவும் பாடம் காட்டவும் இன்னும் சில ஆண்டு உழைக்கும். குப்பைக்குப் போக வேண்டியதில்லை.

வாங்குமுன் கவனிக்க

1. கல்வி அமைச்சு வழங்கிய கணினி அரசாங்கச் சொத்து. நீங்களே திறக்காதீர்கள், பள்ளி நிர்வாகத்தின் வழியாக முறையிடுங்கள்.

2. உங்கள் கணினி ஏற்பது எது என்று அறிந்துகொள்ளுங்கள். பழையவற்றில் 2.5 அங்குலச் சாட்டா வட்டு பொருந்தும். எம்.2 துளையிருந்தால் அது சாட்டா வகையா, என்.வி.எம்.இ. வகையா என்று கேளுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். சில மலிவுக் கணினிகளில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்றவே இயலாது.

3. இணையச் சந்தையில் நம்ப முடியாத மலிவு விலைக்கு 16 டிபி என்று விற்கப்படுபவை போலி. கணினியில் பெரிய எண்ணைக் காட்டும்; எழுதத் தொடங்கினால் கோப்புகளைத் தின்றுவிடும்.

4. பழைய தட்டு இன்னும் இயங்கினால் முதலில் ஆவணங்களை நகலெடுங்கள். பழைய எழுத்துருக்களையும் மறவாதீர்கள். டிஸ்கி குறியேற்றத்தில் தட்டச்சு செய்த பழைய தேர்வுத்தாள்கள் அவற்றுக்குரிய எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கிறுக்கலாகத் தோன்றும். நேரம் கிடைக்கும்போது ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள்.

5. பழைய தட்டைக் கடையிலேயே விட்டு வராதீர்கள். மாணவர் பிறப்புச் சான்றிதழ் எண்ணும் பெற்றோர் அடையாள அட்டை எண்ணும் அதில் இருக்கும்.

சுழல்தட்டுக்கு வேலையே இல்லையா? உண்டு. நீண்ட காலம் மின்சாரமின்றிக் கிடக்கும் திண்மநிலை வட்டு தன் நினைவை மெல்ல இழக்கக்கூடும். ஆகவே அது அலமாரிக் காப்புக்கு ஏற்றதன்று. அவ்வேலைக்கு, உறையிலிட்ட பெரிய சுழல்தட்டு மிகவும் பொருத்தம். அங்கே எத்தனை டிபி வேண்டுமானாலும் வாங்குங்கள். ஆண்டுக்கு இருமுறையேனும் இணைத்துப் படங்கள் திறக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஒரு நகல் பள்ளியில், ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

கணினிக்குள் சிறியதும் விரைவானதும். அலமாரியில் பெரியதும் அசையாததும். கடைக்காரர் "எத்தனை ஜிபி?" என்று கேட்டால், "முதலில் எந்த வகை என்று சொல்லுங்கள் ஐயா!" என்று திருப்பிக் கேளுங்கள்.