நம் கதையை யார் சொல்வது?



2023 அக்டோபரில் காஸா மீது போர் தொடங்கியபோது, வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாக உள்ளே செல்ல இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. பிறகு உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? பிஸான் அவ்தா என்ற இளம்பெண் கைத்தொலைபேசியைப் பிடித்தபடி, தான் இன்னும் உயிரோடு இருப்பதாகச் சொல்லிப் பேசத் தொடங்குவார். அதற்கு முன்பே கதைசொல்லியாக அறியப்பட்டவர் அவர். அவருடைய செய்திப்படம் 2024இல் அமெரிக்காவின் எம்மி விருதுக்குத் தேர்வுப் பட்டியலில் வந்ததும், அதை நீக்கச் சொல்லித் திரைத்துறையினர் 150க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். விருதுக் குழு மறுத்தது. படம் விருதையும் வென்றது. ஒரு பெண்ணின் கைத்தொலைபேசிக்கு ஏன் இத்தனை அச்சம்?

காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிஃப்அத் அல்அரீர், 2014இல் இளைஞர்களின் சிறுகதைகளைத் தொகுத்து நூலாக்கியவர். 2023 நவம்பரில் தமது கவிதை ஒன்றை ட்விட்டர் தளத்தில் வைத்தார். டிசம்பரில் வான்தாக்குதலில் ஷஹீதாக்கப்பட்டார். கவிதையோ பல மொழிகளில் உலகெங்கும் சென்றது.

"ஃபோனே ஃபித்னா" என்கிறார்கள் நம் பெரியவர்கள். அதில் பாதி உண்மை. ஆபாசமும் புறமும் அதில் குவிந்து கிடக்கின்றன. ஆனால் குறைஷிகள் கவிதையால் தாக்கியபோது, பதில் சொல்ல ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கொடுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் என்ன அமைத்துக் கொடுத்தோம்? (பெண்பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்போருக்கு: நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938லேயே நாவல் எழுதியவர்.)

2020ஐ மறந்துவிட்டீர்களா? கொரோனாவைத் தப்லீக் ஜமாஅத்தினர் பரப்பினார்கள் என்று பொய் வீடியோக்கள் வீடுவீடாகப் போயின. வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடாவாக்கப்பட்டார்கள் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு கூறியது. பொய்யைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தீர்ப்பை அறிந்தார்கள்? பெற்ற பிள்ளைகளே நெருங்க அஞ்சிய உடல்களை, மதம் பாராமல் நம் தொண்டர்கள் தமிழகத்தில் அடக்கம் செய்தார்களே, அதைக் குறும்படமாக, கதையாகச் சொன்னவர் எத்தனை பேர்? வந்ததை ஃபார்வர்டு செய்வதில் மட்டும் நாம் வல்லவர்கள்!

அந்த ஃபார்வர்டிலும் கவனம் இல்லை. செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது அல்ஹுஜுராத் அத்தியாயம். நாமோ சிரியாவின் பழைய படத்தைக் காஸா என்று அனுப்புகிறோம். உண்மைப் படங்களையும் பொய் என்று தள்ள எதிரிக்கு அதுவே போதும்.

இன்னொன்று. இந்தத் தளங்கள் நமக்கு வாடகை வீடுதான். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பாலஸ்தீன ஆதரவுப் பதிவுகள் நீக்கப்பட்டும் முடக்கப்பட்டும் வந்ததில் 1,050க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2023 டிசம்பரில் பட்டியலிட்டது. ஆகவே எதை ஏற்றினாலும் பிரதியைத் தனியே வைத்திருங்கள். எழுத்தாக்கி அச்சிலும் வையுங்கள்.

அன்று கபர் தோண்டிய கைகள் உங்கள் மஹல்லாவிலேயே இருக்கின்றன. அந்தச் சகோதரர்களை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். இறந்தவரின் குடும்பத்தார் சம்மதித்தால் மட்டும் பெயர் சொல்லுங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள். மாலை மக்தப் முடிந்தபின் மதரஸா அறை காலியாகத்தானே கிடக்கிறது? அதை இந்த வேலைக்குத் தரும்படி அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.