கிரிவலத்துல கால் வலிக்கவே இல்லையா? அப்போ இதைப் படிங்க

1/
"இந்தத் தடவை பதினாலு கிலோமீட்டரும் வெறுங்கால்ல நடந்தேன் டாக்டர். துளி வலி இல்ல. எல்லாம் அண்ணாமலையார் கிருபை."

ஒரு பௌர்ணமி முடிஞ்ச வாரம் என் கிளினிக்ல ஒருத்தர் சந்தோஷமா சொன்னது இது. வயசு 61. 16 வருஷமா சர்க்கரை நோய். காலைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில கொப்புளம் உடைஞ்சு உள்ளே சீழ். அது அங்க இருக்கறதே அவருக்குத் தெரியல.

2/
அது கிருபை இல்லைங்க. நரம்பு செத்துப்போனது.

ரத்தத்துல சர்க்கரை வருஷக்கணக்கா கூடுதலா இருந்தா நரம்பு கெடும். உடம்புலயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போறவைதான். அதனால முதல் அடி அங்கதான். முதல்ல எரிச்சல், மதமதப்பு. அப்புறம் ஒண்ணுமே தெரியாது. "எரிச்சல் நின்னுடுச்சு, குணமாயிடுச்சு"ன்னு நினைச்சுக்குவோம்.

3/
வலி தெரிஞ்சா நீங்க தானா காலை மாத்தி ஊனுவீங்க, உட்காருவீங்க. தெரியலைன்னா அதே இடத்துல ஆயிரக்கணக்கான தடவை மிதிப்பீங்க. கொப்புளம் புண்ணாகும், புண் சீழ் பிடிக்கும், சீழ் எலும்பு வரைக்கும் போகும். ரத்த ஓட்டமும் குறைஞ்ச கால்னா மருந்தும் அங்க சரியா போய்ச் சேராது.

அவருக்கு ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாச்சு.

4/
இப்போ என் தப்பு.

மூணு வருஷம் முன்னாடி அவர் என்கிட்ட கேட்டார்: "கிரிவலம் போகலாமா டாக்டர்?" நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்: "அதெல்லாம் எதுக்கு? நடக்கணும்னா வீட்டுப் பக்கத்துல பார்க்ல நடங்க."

அவர் போறதை நிறுத்தல. என்கிட்ட சொல்றதை நிறுத்திட்டார். நானும் ஒரு தடவைகூட அவர் பாதத்தைத் தொட்டுப் பார்க்கல.

5/
புண் ஆறின பிறகு அவர் கேட்டதுக்கு இன்னிக்கும் என்கிட்ட பதில் இல்ல. "பார்க்ல சுத்தினா யாரைச் சுத்தறது டாக்டர்?"

மனைவி இறந்த பிறகு அவரை மாசா மாசம் வீட்டைவிட்டு வெளியே கூட்டிட்டு வந்தது அந்த மலை ஒண்ணுதான். அதை ஒரு வரியில தள்ளிவிட எனக்கு என்ன உரிமை? "நடைன்னா எல்லாம் ஒண்ணுதான், கலோரி கணக்கு"ன்னு பேசற என் டாக்டர் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

6/
ஆனா இன்னொரு பக்கமும் பேசியாகணும். "இத்தனை பௌர்ணமி, வெறுங்கால், வழியில உட்காராம நடந்தா கடன் தீரும், வேலை கிடைக்கும்"னு வீடியோ போடற ஐயாமார்களே, நீங்க சொல்றது வழிபாடு இல்ல, கொடுக்கல் வாங்கல். கால் போனா நீங்களா வந்து கட்டு மாத்தப் போறீங்க?

7/
உங்களைவிடப் பழைய சொல் ஒண்ணு கிரிவலத்துக்கு இருக்கு: நிறைமாத கர்ப்பிணியான ராணி நடக்கற மாதிரி நடக்கணும்.

யோசிச்சுப் பாருங்க. நிறைமாத கர்ப்பிணி ஓடமாட்டா. மூச்சு வாங்கினா நிப்பா. ஒவ்வொரு அடியும் உள்ளே இருக்கற உயிரை நினைச்சு வைப்பா. உடம்பை வதைச்சுக்கோன்னு இந்தச் சொல்லுல எங்கேயாவது இருக்கா?

8/
1896ல திருவண்ணாமலைக்கு வந்து 1950ல மறையற வரை இந்த மலையிலயும் மலையடியிலயும் இருந்தவர் ரமணர். அவரும் கிரிவலம் வந்தவர்தான். சில சமயம் வழியில தங்கி, நிதானமா வந்ததை அவரோட இருந்தவங்க எழுதி வச்சிருக்காங்க. நமக்கு மட்டும் நாலு மணி நேரத்துல முடிச்சு பஸ்ஸைப் பிடிக்கணும்.

9/
"வலியைத்தானே சாமிக்குக் காணிக்கையா குடுக்கறோம்"னு கேப்பீங்க. உணர்ச்சி போன காலுக்கு வலியே இல்லையே, எதைக் குடுப்பீங்க? குடுக்கறது காலைத்தான். அதை எந்தச் சாமியும் கேக்கல.

"செருப்பு போட்டா வலம் ஆகாது"ன்னு ஒரு பேச்சு. கோயிலுக்குள்ள கழட்டுங்க, யாரும் வேண்டாம்னு சொல்லல. வெளியே இருக்கறது தார் ரோடு. பஸ்ஸும் ஆட்டோவும் ரப்பர் டயர்ல ஓடற ரோட்டுல உங்க காலுக்கு ரப்பர் ஆகாதா?

10/
எட்டு மாசம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில அவரோட நானும் போனேன். பௌர்ணமி இல்ல, கூட்டம் இல்ல. அவர் காலுக்கு அளவெடுத்துச் செஞ்ச எம்.சி.ஆர். செருப்பு. செங்கம் ரோட்டுலேர்ந்து வலது பக்கம் திரும்பற இடம் வரைக்கும் ஆட்டோ. "பாதி வலம் பண்றேனே"ன்னு ஆட்டோவுல அழுதார். நான் ஒண்ணும் சொல்லல.

11/
அங்கேர்ந்து அடி அண்ணாமலை வரைக்கும் மெதுவா நடந்தோம். மூணு இடத்துல உட்கார்ந்தோம், மூணு தடவையும் செருப்பைக் கழட்டி காலைப் பார்த்தோம். ரோட்டோரம் மயில் கத்துச்சு. மேற்குப் பக்கம் வந்தப்போ சூரியன் மலைக்குப் பின்னாடியிருந்து ஏறிச்சு. ஊருக்குள்ளேர்ந்து பார்க்கற ஒத்தைச் சிகரம் இல்ல அது, வேற மலை மாதிரி விரிஞ்சு கிடந்துச்சு.

அவர் ரொம்ப நேரம் நின்னார். "இத்தனை வருஷம் முன்னாடி போறவங்க முதுகைத்தான் பார்த்திருக்கேன் டாக்டர். மலையை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

12/
எனக்குப் பெரிய பக்தி கிடையாது. ஆனா அந்த நிமிஷம் நானும் பேசாம நின்னேன். சும்மா நிக்கறதும் ஒரு வழிபாடுன்னா, நான் பண்ணின முதல் வழிபாடு அதுதான். எந்த ரத்தப் பரிசோதனையிலயும் அது வராது. வரணும்னு அவசியமும் இல்ல.

13/
அதனால போங்க. இப்படிப் போங்க:

* சர்க்கரை இருந்தா போறதுக்கு முன்னாடி பாத உணர்ச்சியைச் சோதிச்சுக்குங்க. மெல்லிய நைலான் இழையால தொட்டுப் பார்க்கற பரிசோதனை, சில நிமிஷம்தான்.
* உணர்ச்சி குறைவா? வெறுங்கால் வேண்டவே வேண்டாம். புதுச் செருப்பும் வேண்டாம்.
* இன்சுலின், மாத்திரை எடுத்துக்கிட்டு விரதத்தோட நடக்காதீங்க. திடீர் வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தா உடனே சர்க்கரை இல்லைன்னா ஜூஸ்.
* நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல்? அங்கேயே உட்கார்ந்து 108.
* வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வச்சுப் பாருங்க. மறுநாளும் பாருங்க.

14/
அன்னதானம் போடற அன்பர்களே, புண்ணியம் உங்களுக்கு. ஒரு பந்தல்ல கால் பார்க்கவும் ஒரு ஆள் வைங்க. நாங்க டாக்டர்கள் வர்றோம்.

உங்க வீட்டுல அப்பாவோ அம்மாவோ அடுத்த பௌர்ணமிக்குக் கிளம்பறாங்களா? போகாதீங்கன்னு சொல்லாதீங்க. நான் சொல்லிப் பார்த்தவன். முன்னாடி உட்கார்ந்து அவங்க பாதத்தை மடியில எடுத்து வச்சு ஒரு தடவை பாருங்க.