வளர்ப்பு நாயின் உணவும் வீட்டின் மொழியும்

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மலரில் ஆசிரியர் ஒருவர் எழுத முற்பட்டால் மொழியின் தொன்மையைப் பற்றியோ திருக்குறளின் மேன்மையைப் பற்றியோ எழுதுவார் என்றே வாசகர் எதிர்பார்ப்பர். நான் இம்முறை வளர்ப்பு நாயின் உணவைப் பற்றி எழுத விரும்புகின்றேன். இஃது என்ன விந்தை என்று பெற்றோர் எண்ணலாம். இறுதிவரை வாசித்தால், நான் எழுதுவது தமிழைப் பற்றியுந்தான் என்பது விளங்கும்.

சென்ற மாரி காலத்தில் எமது வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு சனிக்கிழமைகள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தவள் முகம் வாடியிருந்தது. அவர்கள் வீட்டு நாய்க்குக் கடும் நோய் என்றாள். உணவு கொள்ளாமல், எழுந்து நடக்க இயலாமல், சிறுநீர் செந்நிறமாகப் போகவே மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றிருக்கின்றனர். அவர் குருதியைப் பரிசோதித்து, நாய் அண்மையில் வெங்காயம் உண்டதா என்று வினவினாராம். அவளுடைய அம்மம்மா சில நாள்களாக, வெங்காயமும் உள்ளியும் நிறைய இட்டுச் சமைத்த ஆட்டிறைச்சிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து தம் கையாலேயே நாய்க்கு ஊட்டி வந்திருக்கின்றார். நற்பேறாக நாய் பிழைத்துக்கொண்டது. “நான் அன்பாத்தானே பிள்ளை குடுத்தனான்” என்று அந்த மூதாட்டி அழுதாராம்.

என் மனத்தை உறுத்தியது இதற்குப் பின் அம்மாணவி கூறியதுதான். நாய்க்கு வெங்காயம் ஆகாது என்பது அவளுக்கு முன்பே தெரியும். குட்டியை வாங்கியபோது கிடைத்த பிரெஞ்சு மொழித் தாளில் அதனை அவள் வாசித்திருந்தாள். அம்மம்மாவிடம் ஒருமுறை “குடுக்க வேண்டாம்” என்றும் சொல்லியிருக்கின்றாள். “ஏன்?” என்று அவர் கேட்டார். அதற்கு விடை கூற அவளிடம் தமிழ் இருக்கவில்லை. “நாங்கள் ஊரிலை குடுக்காததோ?” என்று கூறிவிட்டு அம்மம்மா தம் வேலையைப் பார்க்கச் சென்றுவிட்டார்.

அம்மம்மா கூறியதிலும் உண்மை உண்டு. எங்கள் ஊரிலும் நாய்கள் வளர்ந்தன. எங்கள் வீட்டிலே வீரன் என்றொரு நாய் இருந்தது. மிஞ்சிய சோறும் மீன் தலையும் குழம்பின் அடியும் அதன் உணவு. ஆனால் அந்த நாய் நாம் இட்டதை மட்டுமா உண்டது? அது வேலி தாண்டி ஊரெல்லாம் திரிந்தது. எலியையும் ஓணானையும் பிடித்தது. மீன் சந்தைப் பக்கம் போய் வந்தது. நான்கு வீட்டு முற்றங்களில் வாலை ஆட்டியது. தனக்கு ஆகாததை முகர்ந்துவிட்டு ஒதுங்கவும் அதனால் முடிந்தது. நோயுற்று இறந்த நாய்கள் எதனால் இறந்தன என்று எவரும் ஆராயவுமில்லை. விக்டோரியா வீதியின் அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் வாழும் நாய்க்கு அந்த ஊர் இல்லை. நாம் தட்டில் இடுவதே அதன் உலகம். ஆகவே நமது பொறுப்பும் பன்மடங்காகின்றது.

சோறு நாய்க்கு ஆகாது என்று கூறுவோரும் உளர். நாய் ஓநாயின் வழித்தோன்றல், அதற்கு இறைச்சி மட்டுமே உரியது என்பது அவர்கள் வாதம். இது முழு உண்மையன்று. மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரை அலகு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே உள்ளன என்றும், நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை காணப்படுகின்றன என்றும் சுவீடன் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2013ஆம் ஆண்டில் வெளியிட்டது. மனிதன் பயிரிடத் தொடங்கிய காலத்திலிருந்து அவனுடைய அடுப்பங்கரையைச் சார்ந்து வாழ்ந்தமையால் நாயின் உடலே மாறிவிட்டது. நன்கு வெந்த வெறும் சோறு நாய்க்குத் தீங்கன்று. சோற்றோடு சேரும் குழம்பே தீங்கு.

எனினும் சோறும் கோழியிறைச்சியும் மட்டும் போதுமா? போதா. இறைச்சியிலே பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. இதனையே நாள்தோறும் உண்ணும் குட்டியின் எலும்பு வளைந்துவிடக்கூடும். அயடீன், துத்தநாகம், விற்றமின் டி முதலியனவும் குறைந்துபோகும். சைவ உணவினர் இல்லங்களிலும் இவ்வையம் எழுவதுண்டு. நாய், பூனையைப் போல் ஊனின்றி வாழவே இயலாத பிராணியன்று. ஆயினும் பருப்பும் சோறும் பிசைந்து இட்டுவிட்டால் அது நிறையுணவாகிவிடாது. வீட்டிலே சமைத்து ஊட்ட விரும்புவோர், சைவமாயினும் அசைவமாயினும், மிருக வைத்தியர் வகுத்துத் தரும் அளவின்படியே ஊட்டல் வேண்டும்.

கடையில் வாங்கும் உணவு பெரும்பாலானோர்க்கு எளிய வழி. எதனை வாங்குவது? படத்தையும் விலையையும் பார்த்து வாங்குதல் கூடாது. 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒன்ராறியோவைத் தலைமையிடமாகக் கொண்ட மெனு பூட்ஸ் என்னும் நிறுவனம் நாய், பூனை உணவுப் பொதிகள் ஆறு கோடியைத் திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் என்னும் இரசாயனம் கலந்திருந்ததால் பல பிராணிகள் சிறுநீரகம் பழுதுற்று இறந்தன. ஒரே நிறுவனத்தில் உருவாகி, விலையுயர்ந்த பெயர்களிலும் மலிவான பெயர்களிலும் விற்கப்பட்ட உணவு அது. விலை தரத்துக்குச் சான்றாகாது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. கனடாவில் செல்லப்பிராணி உணவின் ஊட்டத்தை விற்பனைக்கு முன் அரசே பரிசோதித்து அனுமதி வழங்கும் முறையும் இல்லை. ஆகவே வாங்குபவரே விழிப்பாக இருத்தல் வேண்டும்.

மாணவர்களே, இங்கேதான் உங்கள் உதவி தேவைப்படுகின்றது. பொதியின் முன்புறத்தை விட்டுப் பின்புறத்தைத் திருப்புங்கள். ‘கொம்ப்ளே எ எக்கிலிப்ரே’, அதாவது முழுமையும் சமநிலையும் கொண்டது என்னும் சொற்கள் உள்ளனவா என்று தேடுங்கள். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வகுத்த ஊட்ட அளவுகளுக்கு அமைந்தது என்ற குறிப்பு உண்டா எனப் பாருங்கள். அந்தச் சங்கத்தைச் சுருக்கமாக ‘ஆவ்கோ’ என்பர். அடுத்து, அவ்வுணவு எந்தப் பருவத்துக்கு உரியது என்று பாருங்கள். ‘ஷியோ’ என்றால் குட்டி. வளர்ந்த நாயின் உணவு வளரும் குட்டிக்குப் போதாது. பெரிய இனக் குட்டிகளுக்கோ கல்சியம் மிகுந்தாலும் கேடு. அவற்றுக்கென்று தனியுணவு உண்டு. சேர்பொருள்கள் எடை வரிசையில் எழுதப்படுகின்றன. நீர் நிறைந்த பச்சை இறைச்சி முதலிடத்தில் நிற்பதால் மட்டும் அது இறைச்சி மிகுந்த உணவாகிவிடாது.

தானியம் அற்றது என்னும் விளம்பரத்தைக் கண்டும் மயங்க வேண்டாம். அத்தகைய உணவுகள் சிலவற்றுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்புண்டோ என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2018இல் ஆராயத் தொடங்கியது. காரணத் தொடர்பு உறுதியாக நிறுவப்படவில்லை. எனினும் வைத்தியர் கூறினாலன்றித் தானியத்தை விலக்க வேண்டிய தேவை பெரும்பாலான நாய்களுக்கு இல்லை.

அளவைப் பற்றியும் ஒரு சொல். விருந்தினரை மேலும் மேலும் உண்ணச் சொல்வது நம் பண்பாடு. அதனை நாயிடம் காட்டலாகாது. ஒரு செல்லப்பிராணி உணவு நிறுவனத்தின் ஆய்வில் 48 லாப்ரடோர் நாய்கள் வாழ்நாள் முழுவதும் கவனிக்கப்பட்டன. இணையான நாயைவிட 25 வீதம் குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன என்று 2002இல் முடிவு வெளியாயிற்று. கையால் தடவினால் விலா எலும்புகள் எளிதில் தட்டுப்படல் வேண்டும். இடை சற்று ஒடுங்கியிருத்தல் வேண்டும். தின்பண்டங்கள் நாளுணவின் பத்திலொரு பங்கை மிஞ்சலாகாது. தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

இனி, அந்த மாணவி தமிழில் கூற இயலாது தவித்த காரணங்களைச் சொல்கின்றேன். பெற்றோர் இப்பகுதியை முதியோர்க்கு வாசித்துக் காட்டுவார்களாக.

வெங்காயம், உள்ளி, லீக்ஸ் ஆகியவை நாயின் குருதியிலுள்ள செங்குழியங்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அவற்றின் நஞ்சு நீங்காது. நோய் உடனே தோன்றாமல் சில நாள்கள் கழித்தே தோன்றுவதால் காரணம் நமக்குப் புலப்படுவதில்லை.

முந்திரிகைப்பழம் எனப்படும் திராட்சையும் அதன் வற்றலும் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். அதிலுள்ள தாத்தாரிக்கு அமிலமே காரணமாகலாம் என அண்மைக்கால ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வமிலம் நம் பழப்புளியில் மிகுதியாக உண்டு. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதுற்றமை பதிவாகியுள்ளது. ஆகவே புளிக்குழம்பும் இரசமும் வற்றல் இட்ட பாயாசமும் நாய்க்கு வேண்டா.

சொக்லேற்றில் உள்ள தியோபுறோமின் நாயின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறும். அது இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். கறுப்புச் சொக்லேற் மேலும் கொடிது. சீனியற்ற சூயிங்கத்திலும் சிலவகை நிலக்கடலை வெண்ணெயிலும் உள்ள சைலிட்டோல் குருதியிலுள்ள வெல்லத்தைத் திடீரென வீழ்த்தும். வெந்த எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். எண்ணெயில் பொரித்த றோல்ஸும் வடையும் சதையியில் அழற்சியை உண்டாக்கலாம். இவற்றில் எதனையேனும் நாய் உண்டுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

கியூபெக் மாகாணத்தில் 2015 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், விலங்குகள் பொருள்கள் அல்ல, உணர்வுடைய உயிர்கள் என்று கூறுகின்றது. போதிய, தகுந்த உணவும் நீரும் அளிப்பது வளர்ப்பவரின் கடமை என்றும் விதிக்கின்றது. அறத்தால் நாம் ஏற்ற கடமை இங்கே சட்டத்தாலும் கடமையாயிற்று.

இத்தகைய அறிவு இந்நாட்டில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நம் வீட்டு வாயில்வரை வந்து சேர்கின்றது. நமது குன்றின்மேல் நிற்கும் மொன்றியல் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற் ஹயசிந்த் நகரில் மிருக வைத்திய பீடம் உண்டு. வட அமெரிக்காவில் பிரெஞ்சு மொழியில் அக்கலையைக் கற்பிக்கும் ஒரே பீடம் அதுவே. எம் பிள்ளைகளுள் சிலர் ஒருநாள் அங்கே பயிலக்கூடும். ஆனால் நம் அடுக்களையின் மொழி தமிழ். சமைப்பவரும் ஊட்டுபவரும் தமிழர். பிள்ளையின் தலையில் உள்ள அறிவு அம்மம்மாவின் கைக்கு வந்து சேர்வதற்குத் தமிழைத் தவிர வேறு பாலம் இல்லை. இன்று நாயின் உணவு. நாளை அம்மம்மாவின் நீரிழிவு மாத்திரை. தமிழ் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு நான் கூறும் விடை இதுவே. “வேண்டாம்” என்று மட்டும் சொல்லத் தெரிந்தால் போதாது. ஏன் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

வீரனைப் பற்றி முன்னர்க் குறிப்பிட்டேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எனக்கு வயது பதினாறு. நாயை அழைத்துச் செல்ல வழியில்லை. அம்மா ஒரு பானைச் சோற்றில் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து திண்ணையில் வைத்தார்; நான் அதன் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். 1996இல் திரும்பியபோது பானை இருந்தது, வீரன் இல்லை. அன்று எங்களிடம் இருந்தது அன்பு ஒன்றே. அதனைப் பானை நிறையக் கொடுத்தோம். இன்று எமக்கு அறியும் வசதியும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் உண்டு. இவ்விரண்டும் இருந்தும் அறியாமல் ஊட்டுவோமாயின் அதற்குச் சாட்டுச் சொல்ல இயலாது.

அம்மாணவி இப்பொழுது தவறாது வகுப்புக்கு வருகின்றாள். நாய்க்கு ஆகாத உணவுகளையும் அவற்றின் காரணங்களையும் தமிழில் எழுதிக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்திவிட்டு முழுப் புள்ளியும் வழங்கினேன். அத்தாள் இன்று அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டுள்ளது. நாயின் உணவைக் காலையும் மாலையும் அவள் அளந்து இடுகின்றாள். கறிச் சட்டியில் வெங்காயம் விழுமுன், உப்பும் தூளும் இடாத ஒரு துண்டு இறைச்சியை அம்மம்மா தனியே அவித்து எடுத்து வைக்கின்றாராம். அதனை ஊட்டுவது மட்டும் இன்றும் அவர் கைதான்.