அங்கணத்துக்கு வராத குழாய்

பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் தண்ணீர்க் குழாயைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச வேண்டுமா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சுளிக்கட்டும். தாய் பத்துப் பாத்திரம் தேய்த்துப் பிள்ளையைப் படிக்கவைத்தாள் என்று எழுதிக் கண்ணீரை வரவழைக்க நம் கதைகளும் திரைப்படங்களும் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. அந்தப் பாத்திரத்தை வேறு எப்படிக் கழுவலாம் என்ற பேச்சு எழும்போது மட்டும் அது இலக்கியத்துக்குப் புறம்பான விஷயமாகிவிடுகிறது. துயரத்தைப் பாடுவோம், அந்தத் துயரம் குடியிருக்கும் மூலையை எட்டிப் பார்க்க மாட்டோம் என்பதும் ஒரு நிலைப்பாடுதான். அதை மறுக்கவே நாம் இதை எழுதுகிறோம்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் வர இயலாமற்போனபோது, நகரத்து நடுத்தர வர்க்கம் திடீரென்று இந்த இயந்திரத்தைத் தேடிப் போயிற்று. வாங்கியவர்களில் ஒரு சாரார் சில மாதங்களிலேயே அதை மூடிவைத்துவிட்டு, ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் சமையலுக்குத்தான் ஆகும், நம்முடைய எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் சரிவராது’ என்று தீர்ப்பு வழங்கினார்கள். இத்தீர்ப்பு நம் சூழலில் ஒரு பண்பாட்டு உண்மையைப் போலவே புழங்குகிறது. அடிப்பிடித்த வாணலியை முதலில் ஊறவைக்கத்தான் வேண்டும். இரும்புக் கல் துருப்பிடிக்கும், அலுமினியம் கறுக்கும். இவை மெய். ஆனால் எவர்சில்வர் தட்டும் தம்ளரும் குழம்புக் கிண்ணமும் கழுவப்படாமல் வெளியே வந்தால் அதற்குக் காரணம் மசாலா அன்று. பெரும்பாலும் காரணம் குழாய்.

முதலில் அழுத்தம். பல இயந்திரங்கள் தமக்குள் வரும் தண்ணீருக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கின்றன, சில 0.3 பாருக்கும் இணங்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும் என்பது பள்ளி இயற்பியல். மொட்டைமாடித் தளத்தின் மேலேயே வைத்த தொட்டிக்கும், அதற்கு நேர்கீழே மேல்மாடிச் சமையலறையில் இருக்கும் குழாய்க்கும் இடையே மூன்று, மூன்றரை மீட்டர் உயரமே தேறும். அதாவது 0.3 அல்லது 0.35 பார். கை கழுவ அது போதும்; பல இயந்திரங்களுக்குப் போதாது. அதே இயந்திரம் அதே வீட்டின் கீழ்த்தளத்தில், இன்னும் மூன்று மீட்டர் உயரம் கூடுவதால், குறையின்றி ஓடும். மாடியில் இருக்கும் மருமகள் வாங்கியது மட்டமான சரக்கு என்றும், கீழே மாமியார் வாங்கியது உயர்ந்த சரக்கு என்றும் குடும்பம் முடிவுகட்டும். தொட்டியை இரண்டு மீட்டர் தூண்களின்மேல் ஏற்றினாலோ, இடையில் சிறிய பிரஷர் பம்பு ஒன்றை வைத்தாலோ தீர்ந்துபோகும் வழக்கு அது.

அடுத்தது இணைப்பு. இயந்திரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸின் முனை முக்கால் அங்குல மரை கொண்டது. நம் சமையலறைச் சுவரில் இருப்பது பெரும்பாலும் அரை அங்குலம். ஆகவே சிங்குக்கு அடியிலுள்ள ஆங்கிள் வால்வைக் கழற்றிவிட்டு, இரண்டாகப் பிரியும் வால்வு ஒன்றைப் பொருத்தி, ஒரு வாயை முக்கால் அங்குலமாக்க வேண்டும். சுவருக்குள் போகும் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். ஹோஸின் நட்டுக்குச் சுற்றக் கூடாது. அங்கே கசிவைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். கையால் இறுக்கி, மேலே ஒரு கால்சுற்றுக் கொடுத்தால் போதுமானது. டேப்பையும் சுற்றி முழுப்பலத்தையும் காட்டினால் பிளாஸ்டிக் நட்டு வெடிக்கும், அல்லது வாஷர் நசுங்கிச் சில நாளில் சொட்டத் தொடங்கும். சொட்டினால் இன்னும் இறுக்குவது நம் வழக்கம். மாற்ற வேண்டியது வாஷரை. அந்த முனையிலேயே ஒரு சிறு வலை வடிகட்டியும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றின் மணல் அதில் வந்து படியும். தண்ணீர் வரவில்லை என்று இயந்திரம் அறிவித்தால், வால்வை மூடி, ஹோஸைக் கழற்றி, அந்த வலையை ஒரு பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. இது தெரியாமல் மெக்கானிக்குக்காக வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

கழிவுநீரின் பக்கம் நிலைமை இன்னும் மோசம். நம் வீடுகளில் சிங்கின் நெளிகுழாய் தரையிலுள்ள ஓட்டைக்குள் வெறுமனே செருகப்பட்டிருக்கும். சிங்கின் தண்ணீர் தன் எடையால் இறங்குவது என்பதால் இதுவரை தப்பித்துக்கொண்டிருக்கிறோம். இயந்திரமோ பம்பினால் தள்ளுகிறது. கூடவே செருகிய ஹோஸ் துள்ளி வெளியே வந்து சமையலறை குளமாகும். அதை உறுதியாகப் பிணைக்க வேண்டும் என்பது மட்டுமல்ல, மேடையின் அடிப்பாகம் வரை மேலே ஏற்றி வளைத்த பிறகே கீழே இறக்க வேண்டும். அந்த வளைவு இல்லையென்றால் சிங்கின் அழுக்கு நீர் இயந்திரத்துக்குள் திரும்பி வரும். அல்லது இயந்திரம் எடுக்கும் நல்ல நீரெல்லாம் தானாகவே உறிஞ்சப்பட்டு வடிந்துபோகும். தீவிரமான சுற்றுகளில் தண்ணீரின் சூடு 70 டிகிரி வரை போகும். சாதாரண பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தே குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியாக உப்பு நீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இயந்திரத்துக்குள் இந்தச் சுண்ணத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைக்கும் பிசின்மணிகள் இருக்கின்றன. அவற்றுக்கு உயிரூட்டத்தான் கல் உப்பைப் போன்ற தூய உப்பு இடப்படுகிறது. அயோடின் கலந்த தூள் உப்பு இதற்கு ஆகாது. எந்த அளவுக்கு உப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இயந்திரத்துக்கு நாம் சொல்லிவைக்க வேண்டும். கையேட்டில் இருப்பது பெரும்பாலும் ஜெர்மானிய டிகிரிக் கணக்கு. தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டில் இருப்பது மில்லிகிராம். ஒரு டிகிரி ஏறத்தாழ 17.8 மில்லிகிராம் என்பதால் 600 என்பது 34 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. இந்த ஒரு வகுத்தல் கணக்கைச் செய்து தருவார் எவருமில்லை. தம்ளரில் வெள்ளை படிந்ததும் பழி சாம்பார்மேல் விழுகிறது.

இவற்றில் எதுவும் கடினமான விஞ்ஞானம் அன்று. இருந்தும் ஏன் நடப்பதில்லை? இயந்திரத்தை விற்றவர் அனுப்பும் ஆள் ‘பிரஷர் இல்லை, உங்கள் பிளம்பரைக் கேளுங்கள்’ என்று சொல்லிப் போய்விடுவார். பிளம்பர் வந்து ‘குழாயில் குறையில்லை, கம்பெனியைக் கேளுங்கள்’ என்பார். இருவரும் தத்தம் எல்லைக்குள் நியாயமாகவே பேசுகிறார்கள். இருவருக்கும் இடையில் இருக்கும் அந்த ஒன்றரை மீட்டர் ஹோஸுக்குத்தான் நாதியில்லை. அவ்விடத்தில் ஒரு பெண் வந்து நின்று கழுவத் தொடங்குகிறாள். பிரச்சினை தீர்ந்ததாக எல்லாரும் நிம்மதியடைகிறார்கள்.

நாம் சொல்ல வருவது இதுதான். அந்த இடம் தற்செயலாகக் காலியாக இல்லை. வீடு கட்டும்போதே அது காலியாக விடப்படுகிறது. குளிரூட்டிக்கு வரைபடத்தில் இடமுண்டு. அதன் தண்ணீர் வடியக் குழாயும் உண்டு. வெந்நீர்க் கொதிகலனுக்கு உண்டு. துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அடுக்ககங்களில் தனிக்குழாய் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும் மூலைக்கு மட்டும் ஒரு குழாய், ஒரு ஓட்டை. ஏனென்றால் அந்த மூலைக்கான இயந்திரம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்பது நம் ஆழ்மனத்தின் கணக்கு. அதற்கு அழுத்தம் தேவையில்லை, வாஷர் தேவையில்லை, பழுதானால் இடுப்பு வலி என்று முனகும், அவ்வளவே. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களை. இந்த 289 நிமிடங்களின் மீதுதான் நம் வீட்டு வரைபடங்கள் வரையப்படுகின்றன.

இது நமக்கு மட்டுமே உரிய நோயுமன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரன் 1886-இல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1893-இன் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பாராட்டப்பட்டது. விடுதிகள் வாங்கின. வீடுகள் வாங்கவில்லை. இயந்திரத்துக்குத் தேவையான வெந்நீரைத் தரும் ஏற்பாடு பெரும்பாலான வீடுகளில் அன்று இல்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. இயந்திரம் வந்து பல பத்தாண்டுகள் கழித்தே வீடு அதற்குத் தயாராயிற்று.

தென்மாவட்டங்களில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அங்கணம் என்றும் அங்கணக்குழி என்றும் பெயர். பழஞ்சொல். திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்தில் இச்சொல் வருகிறது. அமிழ்தமே ஆயினும் கொட்டினால் பாழாகும் அழுக்கிடம் என்ற பொருளில். ஏரி நீர் போகும் வழிக்கு மதகு, மடை, தூம்பு, கலிங்கு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் வைத்துக் கொண்டாடிய மொழி, வீட்டுக்குள் நீர் வெளியேறும் இடத்தை அழுக்கிடம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஏரியின் நீர் ஆண்களின் வயலுக்குப் போயிற்று. அங்கணத்தின் நீர் பெண்களின் காலடியில் தேங்கிற்று என்பதைத் தவிர வேறு விளக்கம் நமக்குப் புலப்படவில்லை. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988-இல் தொகுப்பாக வந்தது. சமையலறை வீட்டின் எந்த மூலையில், எப்படி வைக்கப்படுகிறது என்பதே அதிகாரம் பற்றிய கேள்வி என்று அக்கதை காட்டியது. அதைப் பாடமாக வைத்தோம், கருத்தரங்கம் நடத்தினோம். கருத்தரங்கம் முடிந்து வீடு கட்டியவர்களில் எத்தனை பேர் சிங்குக்கு அடியில் இன்னொரு வால்வு வைத்தார்கள்?

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. முதலாவது, தண்ணீர். 2019 கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்கள் இதைக் கேட்கத்தான் வேண்டும். இன்றைய இயந்திரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் எடுக்கிறது. கையால் கழுவுவதைவிட இது பல மடங்கு சிக்கனம் என்று ஐரோப்பியக் கணக்கைக் காட்டி விற்பவர்கள் நம் வீட்டு வாளியைக் கண்டதில்லை. வாளியில் முக்கிக் கழுவுகிறவர் குறைவாகவே செலவிடுவார். ஆனால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் வீட்டில் 10 லிட்டர் எத்தனை நிமிடத்தில் போகிறது என்று ஒரு வாளியை அடியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வீட்டுவேலை செய்யும் பெண்களின் பிழைப்பு. பொருட்படுத்த வேண்டிய கேள்வி. ஆனால் இதைக் கேட்பவர்களின் குரலை நாம் சற்றே சந்தேகிக்கிறோம். 2007-இலேயே தமிழகத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் அமைந்துவிட்டது. தம் வீட்டுக்கு வருபவரை அதில் பதிவுசெய்ய உதவியவர்கள், வார விடுப்பு தந்தவர்கள் இக்கேள்வியைக் கேட்டால் தலைவணங்கி விவாதிக்கலாம். மற்றவர்களுக்கு இயந்திரம் வரும் நாளில் மட்டும் பிறக்கும் கரிசனம் இது. மேலும், நாம் முதலில் கேட்பது இயந்திரத்தை அன்று, நீர்வழியை. அழுத்தமுள்ள குழாயும் ஒழுங்காக வடியும் வாயும் இருந்தால், கையால் கழுவுகிறவரும் தேங்கிய நீரில் கால் ஊற நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவது, செலவு. சுவரை உடைத்துப் பின்னால் செய்தால் செலவுதான். கட்டும்போதே வைத்தால் இரண்டு வால்வு, சில அடிக் குழாய், ஒரு ‘டி’. மழைநீர்ச் சேகரிப்பை 2003-இல் தமிழகத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது, வீட்டுக் குழாய் எப்படி இறங்க வேண்டும் என்று அரசே சொன்னது, நாமும் செய்தோம். மனமிருந்தால் குழாய் வரும்.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ‘பாத்திரங்கழுவி’ என்று பெயர் சூட்டியதோடு கலைச்சொல்லாக்கம் கடமையை முடித்துக்கொள்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் தொழில் ஓராண்டுப் பாடமாகச் சொல்லித்தரப்படுகிறது. அங்கே படித்தவரும், படிக்காமல் மேஸ்திரியிடம் கற்றவரும் கையில் வைத்துக்கொள்ள, அழுத்தக் கணக்கும் வாஷர் விவரமும் ஹோஸின் வளைவும் அடங்கிய பத்துப் பக்கத் தமிழ்க் கையேடு ஒன்று போதும். வாஷரை வாஷர் என்றே எழுதலாம், தமிழ் கெட்டுவிடாது. குழாயின் நுட்பம் அறிந்தவரைக் கொல்லைப்புறமாக வரச்சொல்லி, காப்பியத்தின் நுட்பம் அறிந்தவரை மேடையேற்றும் பழக்கம் இருக்கும்வரை அக்கையேட்டை எழுத ஆள் கிடைப்பது அரிது.

வீடு கட்டப்போகிறவர்களிடம் நாம் கேட்பது சிறிதே. வரைபடம் கைக்கு வந்ததும் சமையலறையின் மூலையைப் பாருங்கள். தனி வால்வு இருக்கிறதா, தரைக்கு மேலே ஹோஸைப் பிணைக்கக் கழிவுக்குழாய்க்கு வாய் இருக்கிறதா, 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, தொட்டி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பொறியாளரைக் கேளுங்கள். ‘அங்கே எதற்கு சார், அம்மா இருக்கிறார்களே’ என்று அவர் சிரித்தால், நீங்கள் சிரிக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு பென்சிலை எடுத்து நீங்களே அந்த இடத்தில் குறியிடுங்கள்.