கங்கைகொண்டானில் கேட்ட கேள்விகள்

1916 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் விவரங்களை விசாரித்து எழுதச் சொன்னார். நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானும் அவற்றில் ஒன்று. 1918இல் அந்த ஆய்வுகள் நூலாயின. 1930களில் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். என்ன மாறியது என்று அதனால்தான் சொல்ல முடிந்தது.

அப்படிப்பட்ட விசாரணை இன்றும் தேவை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் நிவாரணம் யாரை நிமிர்த்தியது? நிலக்காரருக்குக் கிடைத்தது குத்தகைக்காரருக்கும் கிடைத்ததா? பயனாளிப் பட்டியலைப் புரட்டினால் இது தெரியாது; பட்டியலில் இல்லாதவர் வீட்டுத் திண்ணையிலும் உட்கார வேண்டும். அந்தப் பயிற்சியை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தரலாம். மாணவர்கள் ஒரு பருவம் இங்கே தங்கட்டும், ஐந்தாண்டு கழித்து அடுத்த அணி அதே வீடுகளுக்கு வரட்டும். அறிக்கை ஆட்சியருக்குக் கசந்தாலும் தமிழில் அச்சாகி ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும்.