விலை கூடிய லென்ஸா, வாப்பாவுக்குப் பொருந்தும் லென்ஸா?



வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ கட்டராக்ட் ஒபரேஷன் என்றதும் நம் வீடுகளில் முதலில் கேட்பது, "எந்த லென்ஸ் விலை கூடியது?" என்றுதான். கட்டாரிலிருந்து மகன் காசு அனுப்பி, "நல்லதையே போடுங்க" என்கிறார். பாசம் சரி. ஆனால் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஃபோன் மாதிரியல்ல, விலை கூடினால் எல்லோருக்கும் பார்வையும் கூடும் என்றில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பொதுவாக வைப்பது ஒரு தூரத்துக்கான லென்ஸ். தூரம் தெளிவாகத் தெரியும். குர்ஆன் ஓத, மருந்துத் துண்டு வாசிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகல் லென்ஸ் உள்ளே வரும் ஒளியைப் பங்கு போட்டுத்தான் கிட்டத்தையும் தூரத்தையும் காட்டுகிறது. அதனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம், எதிரே வரும் வாகன வெளிச்சத்தில் கூச்சம் எல்லாம் கூடுதலாக வரலாம். இரவில் ஓட்டோ ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சின்ன விஷயமா? சீனி வருத்தத்தால் விழித்திரை பழுதானவருக்கும் இந்த லென்ஸ் பெரும்பாலும் உகந்ததல்ல. நம் ஊரில் சீனி இல்லாத வீடு எது?

சிலிண்டர் பவர் கூடியவருக்கு டோரிக் லென்ஸ் என்று ஒன்று உண்டு. அதற்குச் செலவழிப்பதில் அர்த்தமுண்டு. எதுவானாலும் வாப்பா இரவில் வாகனம் ஓட்டுவாரா, நாள் முழுக்கத் தையல் மெஷினில் இருப்பாரா என்பதை டொக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

ஒபரேஷனுக்குப் பிறகு, "கண் ஓரத்துல பிறை மாதிரி நிழல் தெரியுது" என்று உம்மா சொன்னால், வயசுக் கோளாறு என்று வாயை அடைக்க வேண்டாம். சாதாரண லென்ஸிலும் அது வரும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில், மாதங்களில் குறைந்துவிடும். தடித்த ஃபிரேம் கண்ணாடி சிலருக்கு உதவும்.

காலம் கழித்து மறுபடி மங்கினால், புரை திரும்பி வந்துவிட்டது என்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல, லென்ஸைத் தாங்கும் மெல்லிய பை மங்குவதுதான். யாக் லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்வார்கள். ஆனால் வளையமும் கூச்சமும் தாங்காமல் லென்ஸையே மாற்ற நினைப்பவர் லேசருக்கு முன்பே டொக்டரிடம் பேசிவிட வேண்டும். லேசரால் பை திறந்துவிட்டால் மாற்றுவது கடினம்.

கண் வலித்துச் சிவந்து பார்வை இறங்கினால், திடீரென மின்னல் வெட்டினால், கறுப்புப் புள்ளிகள் கொட்டினால், திரை விழுந்தது போல் ஒரு பக்கம் மறைந்தால் கதை வேறு. கிளினிக் திகதி வரை பார்த்திருக்க வேண்டாம். இஷா தொழுதுவிட்டு வந்து சொன்னாலும் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.